பூஜ்யமா, இல்லாமையா? பல பேண்டு ராஸ்டர் படங்களில் நோடேட்டாவைப் பைத்தானில் கையாளுதல்

சென்னையைப் படம்பிடிக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் காட்சிக்குப் பாதை 142, வரிசை 51 என்று எண். அதன் சிவப்பு பேண்டை, அதாவது சிவப்பு ஒளியை மட்டும் அளந்த அடுக்கை, பைத்தானில் திறந்து அப்படியே சராசரி எடுத்தால் கிடைக்கும் விடை தவறாகத்தான் இருக்கும். செயற்கைக்கோள் நேர் வடக்கிலிருந்து நேர் தெற்காகச் செல்வதில்லை. சற்றே சாய்ந்து செல்கிறது. அதனால் அது தரையில் வருடிய பகுதியும் சாய்ந்த நாற்கரமாக இருக்கிறது. கோப்போ நேரான செவ்வகம். நான்கு மூலைகளிலும் எதுவுமே பதிவாகாத முக்கோணங்கள் மிஞ்சுகின்றன. சேர்த்துப் பார்த்தால் செவ்வகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அங்கெல்லாம் 0 எழுதப்பட்டிருக்கும்.

உண்மையான பிக்சல்களின் சராசரி 12000 என்று வைத்துக்கொள்வோம். மூலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது 8000 ஆகிவிடும். லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2, லெவல் 2 கோப்பில் உள்ள எண்ணை 0.0000275 ஆல் பெருக்கி 0.2 ஐக் கழித்தால்தான் தரைப் பிரதிபலிப்பு கிடைக்கும். 12000 என்றால் 0.13, கட்டடமும் காய்ந்த மண்ணும் கலந்த நிலத்துக்கு இயல்பான எண். 8000 என்றால் 0.02, அது தண்ணீருக்குரிய எண். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ஒரு பிழைச் செய்திகூட வராது.

0 என்பதை ‘இங்கே தரவு இல்லை’ என்று படிக்க வேண்டும் என்பது, கோப்பை எழுதியவருக்கும் படிப்பவருக்கும் இடையே உள்ள ஏற்பாடு. இப்படி இல்லாமையைக் குறிக்கும் எண்ணைத்தான் நோடேட்டா என்கிறோம். அந்த ஏற்பாடு கோப்பில் எங்கோ ஓர் ஓரத்தில் பதிவாகியிருக்கலாம், பதிவாகாமலும் இருக்கலாம். ஒரே பேண்டு என்றால் ஒருவழியாகச் சமாளித்துவிடலாம். பேண்டுகள் பலவாகும்போது கேள்வியே மாறிவிடுகிறது: எந்த பேண்டில் இல்லை? ஒன்றில் மட்டும் இல்லையென்றால் அந்தப் பிக்சலை வைத்துக்கொள்வதா, தள்ளுவதா? இதற்கு நூலகங்கள் தாமாகவே ஒரு விடை வைத்திருக்கின்றன. அந்த விடை உங்கள் கணக்குக்குப் பொருந்துமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கோப்பு, ஒரே ஒரு நோடேட்டா

ஜியோடிஃப் என்பது இடக்குறிப்போடு படத்தைச் சேமிக்கும் கோப்பு வடிவம். அதில் நோடேட்டா மதிப்பு 42113 என்ற எண்ணுள்ள டேக்கில், அதாவது கோப்பின் குறிப்புப் பகுதியில், எழுத்து வடிவில் இருக்கிறது. ராஸ்டர் கோப்புகளைப் படித்து எழுதும் ஜிடால் நூலகம் அதைக் கோப்பு முழுமைக்கும் ஒன்றாகத்தான் எழுதுகிறது. ஜிடாலைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் ராஸ்டீரியோவில் திறந்து ‘நோடேட்டாவால்ஸ்’ என்று கேட்டால் பேண்டுக்கு ஒன்றாகப் பட்டியல் வரும். அதைப் பார்த்து ஒவ்வொரு பேண்டுக்கும் தனித்தனி மதிப்பு வைக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜியோடிஃபில் அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் ஒரே எண்தான்.

லேண்ட்சாட் கோப்புகளை அடுக்கும்போது இது நேரடியாகத் தடுக்கிறது. ஒளி பேண்டுகள் யுஇன்ட்16 வகை, அதாவது குறியற்ற 16 பிட் முழு எண். அவற்றில் விடுபட்ட இடம் 0. மேற்பரப்பு உமிழ்திறன் கோப்பு குறியுள்ள 16 பிட். அதில் விடுபட்ட இடம் −9999. கியூஏ_பிக்சல் என்ற தரக் கோப்பில் விடுபட்ட இடம் 1. மூன்றையும் ஒரே ஜியோடிஃபில் அடுக்கி நோடேட்டாவை 0 என்று அறிவித்தால், உமிழ்திறனின் −9999 மெய்யான அளவீடாகிவிடும். தரக் கோப்பின் 1 ஐயும் மென்பொருள் செல்லுபடியாகும் குறியீடாகவே பார்க்கும்.

அடுக்குவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் அதனதன் விதிப்படி மாஸ்க் செய்து, அதாவது விடுபட்ட இடங்களைக் குறித்து மறைத்து, எல்லாவற்றையும் 32 பிட் தசம எண் வகையான ஃப்ளோட்32 ஆக்கி, விடுபட்ட இடங்களில் ‘நேன்’ வைத்து எழுதுவது ஒரு வழி. எண் அல்லாதது என்பதைக் குறிக்கும் மிதவைப்புள்ளி மதிப்புதான் நேன். தரக் கோப்பை மட்டும் இந்த அடுக்கில் சேர்க்கவே வேண்டாம். அது அளவீடு இல்லை, பிட்டுகளின் தொகுப்பு. தனிக் கோப்பாக, முழு எண்ணாகவே இருக்கட்டும்.

அறிவிப்பு வேறு, மதிப்பு வேறு

கோப்பைத் திருத்தும் முறையில் திறந்து நோடேட்டாவை 0 என்று அமைத்தால் டேக் மட்டும்தான் மாறும். பிக்சல் எதுவும் மாறாது. −9999 என்று இருந்த இடங்கள் அப்படியே இருக்கும், அவற்றைப் பற்றிய அறிவிப்பு மட்டும் போய்விடும். ஒரு நோடேட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் முதலில் பழைய மாஸ்க்கை எடுத்து, அந்த இடங்களில் புதிய எண்ணை எழுதி, பிறகு டேக்கை மாற்ற வேண்டும். புதிய எண் ஏற்கெனவே மெய்யான மதிப்பாக எங்காவது இருக்கிறதா என்றும் அதற்கு முன்பே தேடிப் பார்த்துவிட வேண்டும்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் சிக்கல் வேறு மாதிரி. அவற்றின் ஜேபெக் 2000 கோப்புகளிலும் 0 என்றால் தரவு இல்லை என்றுதான் பொருள். ஆனால் கோப்புக்குள் அந்த அறிவிப்பு இருக்காது. ராஸ்டீரியோவில் நோடேட்டா கேட்டால் ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை என்று வரும். அப்போது ‘மாஸ்க்ட்’ என்ற விருப்பத்தை இயக்கிப் படித்தாலும் ஒரு பிக்சல்கூட மறைக்கப்படாது. ‘ரீட்_மாஸ்க்ஸ்’ எல்லா இடத்திலும் 255 தரும். மாஸ்க் கேட்டோம், மாஸ்க் வந்தது, வேலை முடிந்தது என்று நினைக்க வைக்கும் இடம் இது. கோப்பைத் திறந்தவுடன் நோடேட்டா மதிப்பு, தரவு வகை, ‘மாஸ்க்_ஃப்ளாக்_ஈனம்ஸ்’ ஆகிய மூன்றையும் அச்சிட்டுப் பார்க்கும் பழக்கம் இதற்காகவே வேண்டும்.

தரவு வகைக்குள் அடங்காத நோடேட்டா இன்னொரு தொல்லை. யுஇன்ட்16 இல் 0 முதல் 65535 வரைதான் இடம். −9999 ஐ அந்த வகைக்கு வலிந்து மாற்றினால் 55537 ஆகிவிடும். ராஸ்டீரியோ இதை நோடேட்டாவாக ஏற்காமல் பிழை சொல்லும், நல்லது. ஆனால் அரே எனப்படும் எண் அடுக்குகளைக் கையாளும் நம்பை நூலகத்தில் வகை மாற்றிவிட்டு எழுதினால் எந்தத் தடையும் இல்லாமல் 55537 கோப்புக்குள் போய்விடும்.

மிதவைப்புள்ளி எண்களில் துல்லியம் கவனத்துக்குரியது. −9999 ஃப்ளோட்32 இல் துல்லியமாக அடங்கும். 99.9 அடங்காது, அது 99.9000015 என்பதுபோலச் சேமிக்கப்படுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கட்ட வெப்பநிலைத் தரவில் விடுபட்ட இடத்துக்கு இதே 99.9 தான் குறியீடு. ஃப்ளோட்64 ஆக உள்ள 99.9 உடன் சமமா என்று கேட்டால் ‘இல்லை’ என்று விடை வரலாம், மாஸ்க்கும் காலியாகவே இருக்கும். சமம் பார்ப்பதற்குப் பதிலாக 99 ஐ விடப் பெரியது எல்லாம் விடுபட்டது என்று எல்லை வைப்பது பாதுகாப்பு.

எத்தனை பேண்டில் இல்லை?

ராஸ்டீரியோவின் மாஸ்க்கில் 255 என்றால் நல்ல பிக்சல், 0 என்றால் விடுபட்டது. நம்பையின் மாஸ்க்ட் அரேயில் ‘ட்ரூ’ என்றால் மறைக்கப்பட்டது, அதாவது விடுபட்டது. இரண்டும் நேரெதிர். ஒன்றை எடுத்து மற்றொன்றில் அப்படியே செருகினால் மூலை முக்கோணங்கள் மட்டும் தரவாக மிஞ்சும். படம் வரைந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும் பிழை இது. படம் வரையாமல் எண்களோடு மட்டும் வேலை செய்தால் தெரியாது.

இதைவிட ஆழமானது ‘டேட்டாசெட்_மாஸ்க்’. கோப்புக்கென்று தனி மாஸ்க்கோ ஒளிபுகுதன்மையைக் குறிக்கும் ஆல்ஃபா பேண்டோ இல்லாமல் நோடேட்டா மட்டும் இருந்தால், இது எல்லா பேண்டு மாஸ்க்குகளையும் ‘அல்லது’ என்ற உறவில் சேர்க்கிறது. ஏழு பேண்டில் ஒன்றே ஒன்றில் மதிப்பு இருந்தாலும் அந்தப் பிக்சல் நல்லது என்று சொல்லிவிடும். படத்தைத் திரையில் காட்டுவதற்கு இது சரியான விதி. கறுப்பு நிறப் பிக்சல்களில் சிவப்பு 0 ஆக இருக்கலாம், நீலம் 3 ஆக இருக்கலாம். அவற்றைத் துளையாகக் காட்டக் கூடாது. ஆனால் பேண்டுகளைக் கூட்டி, கழித்து, வகுக்கும் எந்தக் கணக்குக்கும் இது தவறான விதி. அங்கே ‘மற்றும்’ உறவு வேண்டும்: கணக்கில் பங்கேற்கும் எல்லா பேண்டிலும் மதிப்பு இருந்தால் மட்டுமே பிக்சல் செல்லும்.

பேண்டுகள் நிஜமாகவே இப்படி முரண்படுமா? முரண்படும். லேண்ட்சாட் 7 இல் 2003 மே 31 அன்று வருடல் கோட்டைச் சரிசெய்யும் பாகம் பழுதானது. அதற்குப் பிறகு அது எடுத்த ஒவ்வொரு காட்சியிலும் ஏறத்தாழ 22 சதவீதம் வரிவரியாக விடுபட்டுப் போனது. உணரிகள் குவியத் தளத்தில் ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்திருப்பதால் அந்த வரிகள் எல்லா பேண்டிலும் அச்சாக ஒரே இடத்தில் விழுவதில்லை; இடைவெளி மாஸ்க்கும் பேண்டுக்கு ஒன்றாகவே தரப்பட்டது. லேண்ட்சாட் 8, 9 இல் மேற்பரப்பு வெப்பநிலை பேண்டு ஆஸ்டர் கருவியிலிருந்து வந்த உமிழ்திறன் தரவைச் சார்ந்திருக்கிறது. அந்தத் தரவு இல்லாத இடத்தில் வெப்பநிலை 0 ஆக விடப்படும். அதே பிக்சலில் ஒளி பேண்டுகள் ஒழுங்காக இருக்கும். அந்த 0 ஐக் கவனிக்காமல் 0.00341802 ஆல் பெருக்கி 149 ஐக் கூட்டினால் 149 கெல்வின் வரும். அதாவது −124 டிகிரி செல்சியஸ்.

எனவே எந்த அடுக்கை எடுத்தாலும் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டிய சோதனை இதுதான். பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும் என்பதால் வரிகளை அப்படியே தருகிறோம்:

செல்லாது = (அடுக்கு == 0)

இது பேண்டு, வரிசை, நெடுவரிசை என்ற மூன்று அச்சுகளைக் கொண்ட ட்ரூ, ஃபால்ஸ் அரே. இதை முதல் அச்சின் வழியாகக் கூட்டினால், ஒவ்வொரு பிக்சலுக்கும் எத்தனை பேண்டு விடுபட்டது என்ற எண் கிடைக்கும். அந்த எண்களை நம்பையின் ‘யுனீக்’ கொண்டு எண்ணிக்கையோடு அச்சிட வேண்டும். ஏழு பேண்டு அடுக்கில் 0 உம் 7 உம் மட்டும் வந்தால் நிலைமை எளிது: பிக்சல் முழுதாக இருக்கிறது அல்லது முழுதாக இல்லை. 1 முதல் 6 வரை ஏதாவது வந்தால் அந்தப் பிக்சல்கள் எங்கே இருக்கின்றன என்று வரைந்து பார்க்க வேண்டும். காட்சியின் ஓரத்தில் மெல்லிய கோடாக இருந்தால் உணரிகளின் இட வேறுபாடு. நடுவே திட்டுத் திட்டாக இருந்தால் ஒரு பேண்டின் மூலத் தரவில் குறை. கடலிலும் நிழலிலும் சிதறிக் கிடந்தால், மெய்யான சிறு மதிப்பு எங்கோ 0 ஆக மாறியிருக்கிறது என்று பொருள். மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு.

முதலில் மாஸ்க், பிறகுதான் கணக்கு

இந்த ஒரு வரிசைமுறையைப் பிடித்துக்கொண்டாலே பாதிப் பிழைகள் வராது. சென்டினல்-2 ஐ எடுத்துக்கொள்வோம். 2022 ஜனவரி 25 முதல் செயலாக்க அடிப்படை 04.00 நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பிரதிபலிப்பு வேண்டுமானால் எண்ணிலிருந்து 1000 ஐக் கழித்து 10000 ஆல் வகுக்க வேண்டும். கோப்பு யுஇன்ட்16. மாஸ்க் எடுக்காமல் அப்படியே 1000 ஐக் கழித்தால் விடுபட்ட இடத்தின் 0 என்ன ஆகும்? குறியற்ற வகையில் −1000 க்கு இடமில்லை. சுற்றி வந்து 64536 ஆகிறது. 10000 ஆல் வகுத்தால் பிரதிபலிப்பு 6.45. இனி அங்கே 0 இல்லாததால் 0 ஐத் தேடி மாஸ்க் செய்யவும் முடியாது. அதே நேரத்தில் 1000 என்று இருந்த மெய்யான இருண்ட பிக்சல் இப்போது 0 ஆகி, விடுபட்டதாகத் தோற்றமளிக்கிறது. இல்லாதது இருப்பதாகவும் இருப்பது இல்லாததாகவும் இடம் மாறிவிட்டன.

சரியான வரிசை இது: மூல எண்ணில் 0 எங்கே என்று பார்த்து மாஸ்க்கை எடுத்து வைக்கவும். பிறகு ஃப்ளோட்32 ஆக மாற்றவும். பிறகு கழிக்கவும், வகுக்கவும். கடைசியாக மாஸ்க் இடங்களில் நேன் வைக்கவும்.

வகை மாற்றாமல் பேண்டுகளைக் கழிப்பதிலும் இதே சுற்றுதான். அண்மை அகச்சிவப்பு 8000, சிவப்பு 9000 என்றால் யுஇன்ட்16 இல் வித்தியாசம் −1000 இல்லை, 64536. தாவரக் குறியீடான என்டிவிஐயில் நீர்நிலைகள் பளிச்சென்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

விடுபட்டது என்று தவறாகத் தள்ளப்படும் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. சென்னைக் காட்சியின் கிழக்கே வங்கக் கடல். நீர் அண்மை அகச்சிவப்பை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். வளிமண்டலத் திருத்தம் சற்று மிகுந்தால் பிரதிபலிப்பு எதிர்மறையாகவே வரும். மூல எண் 6909 என்றால் −0.01. அதே பிக்சலில் சிவப்பு 8000, அதாவது 0.02. என்டிவிஐ கணக்கிட, அண்மை அகச்சிவப்பு, சிவப்பு இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்; இங்கே −0.03 ஐ 0.01 ஆல் வகுத்தால் விடை −3. குறியீட்டின் எல்லை −1 முதல் 1 வரை. இங்கே தரவு விடுபடவில்லை. அளந்திருக்கிறார்கள், அந்தக் கணக்குக்கு அது உதவாது, அவ்வளவுதான். இதை நோடேட்டாவோடு கலந்தால் கடல் முழுக்க ஓட்டை விழும், பிற்பாடு நீர்ப்பரப்பைக் கணக்கிட வருபவருக்கு அது இழப்பு. பிரதிபலிப்பு அடுக்கில் அதை விட்டுவைத்து, என்டிவிஐ அடுக்கில் மட்டும் மறைப்பதே சரி.

மேகம் எந்தக் கணக்கில் சேரும்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சென்னைக் காட்சிகளில் மேகத்தைத் தவிர்க்க முடியாது. மேகப் பிக்சலில் அளவீடு இருக்கிறது, ஆனால் அது தரையின் அளவீடு இல்லை. ‘பதிவாகவில்லை’, ‘பதிவானது, பயன்படாது’ என்ற இரண்டையும் தனித்தனி மாஸ்க்காக வைத்திருந்து, கணக்கிடும் நேரத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். முதலிலேயே சேர்த்து எழுதிவிட்டால், மேக விதியைப் பின்னால் தளர்த்தவோ இறுக்கவோ மூலக் கோப்புக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

லேண்ட்சாட்டின் கியூஏ_பிக்சலில் பிட் 0 விடுபட்டது, பிட் 1 மேக விளிம்பு, பிட் 2 மெல்லிய சிரஸ் மேகம், பிட் 3 மேகம், பிட் 4 மேக நிழல். இவற்றின் எடைகள் 1, 2, 4, 8, 16; கூட்டினால் 31. எனவே

மோசம் = (தரம் & 31) != 0

என்ற ஒரே வரி ஐந்தையும் பிடித்துவிடும். தெளிந்த நிலத்தில் அடிக்கடி வரும் 21824 ஐப் போட்டுப் பார்த்தால் 0. மேகத்துக்குரிய 22280 ஐப் போட்டால் 8. மேகத்தை மட்டும் வேண்டுமானால் (தரம் >> 3) & 1. பல நிபந்தனைகளைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றுக்கும் அடைப்புக்குறி கட்டாயம். பைத்தானில் & குறிக்கு == ஐ விட முன்னுரிமை உண்டு; அடைப்பில்லாமல் எழுதினால் நடுவில் இருக்கும் எண்ணும் மாறியும் முதலில் ஒட்டிக்கொள்ளும்.

சென்டினல்-2 இல் எஸ்சிஎல் என்ற வகைப்பாட்டு அடுக்கு இந்த வேலையைச் செய்கிறது: 0 தரவில்லை, 3 மேக நிழல், 8 உம் 9 உம் மேகம், 10 சிரஸ். அதன் பிக்சல் 20 மீட்டர். நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு 10 மீட்டர். 20 ஐ 10 ஆக்கும்போது ‘நியரஸ்ட்’, அதாவது மிக அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுக்கும் முறை மட்டுமே பொருந்தும். அண்டைப் பிக்சல்களைக் கலக்கும் இருநேரியல் முறையில் செய்தால் 4 என்ற தாவரத்துக்கும் 8 என்ற மேகத்துக்கும் நடுவே 6 என்ற நீர் முளைக்கும்.

நேனா, மாஸ்க்ட் அரேயா?

இரண்டுக்கும் இடம் உண்டு. நேன் எளிது, எந்தக் கணக்கில் போட்டாலும் விடையிலும் நேனாகவே வரும், மறைந்து போகாது. ஆனால் முழு எண் அரேயில் நேனை வைக்க முடியாது, பிழை வரும். ஃப்ளோட்டுக்கு மாறினால் நினைவகம் பெருகும். சுமார் 7600க்கு 7700 பிக்சல் உள்ள காட்சியில் ஏழு பேண்டுகள் யுஇன்ட்16 இல் 82 கோடி பைட். ஃப்ளோட்32 இல் 164 கோடி, ஃப்ளோட்64 இல் 328 கோடி. யுஇன்ட்16 அரேயைத் தசம எண்ணால் நேரடியாகப் பெருக்கினால் நம்பை ஃப்ளோட்64 க்குத்தான் போகும். முதலிலேயே ஃப்ளோட்32 ஆக மாற்றிவிட்டால் பாதி மிச்சம். அதற்கும் இடமில்லாத கணினியில் ‘பிளாக்_விண்டோஸ்’ வழியாகத் துண்டு துண்டாகப் படிக்கலாம். மாஸ்க் பிக்சலுக்குப் பிக்சல் தனித்தே இயங்குவதால் துண்டாக்குவதில் எந்தச் சிக்கலும் இல்லை.

மாஸ்க்ட் அரே தரவு வகையை மாற்றாமல் காப்பாற்றும். மாஸ்க்குக்குப் பிக்சலுக்கு ஒரு பைட் கூடுதல், அவ்வளவே. அதன் குறை வேறிடத்தில்: நம்பையின் எல்லாச் செயல்களும் மாஸ்க்கை மதிப்பதில்லை. ‘பெர்சென்டைல்’ மாஸ்க்கைப் பார்க்காமல் அடியில் கிடக்கும் எண்களை எடுத்துக்கொள்ளும். படத்தின் ஒளிமாறுபாட்டைச் சரிசெய்ய 2 மற்றும் 98 சதமானங்களை எடுக்கும்போது, மூலையிலுள்ள 0 எல்லாம் உள்ளே வந்து கீழ் எல்லையை 0 ஆக்கிவிடும். ‘கம்ப்ரெஸ்ட்’ கொண்டு நல்ல மதிப்புகளை மட்டும் பிரித்தெடுத்துக் கொடுக்க வேண்டும். இடைநிலை எண்ணுக்கு ‘எம்ஏ’ தொகுப்பில் உள்ள தனி ‘மீடியன்’ இருக்கிறது. அதையே அழைக்க வேண்டும்.

நேன் பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது, ஆழமானது. வானிலைத் துறையின் தினசரி மழைத் தரவு 0.25 டிகிரி கட்டத்தில், 135க்கு 129 கட்டங்களாக வருகிறது. ஓர் ஆண்டுக்கு 365 அடுக்கு. தரவில்லாத கட்டத்தில் −999. அதை நேன் ஆக்காமல் ஆண்டு மழையைக் கூட்டினால் வங்கக் கடல் கட்டத்தில் −3,64,635 மில்லிமீட்டர் வரும், யாரும் கவனித்துவிடுவார்கள். நேன் ஆக்கி ‘நேன்சம்’ கொண்டு கூட்டினால் 0 வரும். எல்லாமே நேனாக இருந்தாலும் நேன்சம் தரும் விடை 0 தான். வரைபடத்தில் அது ‘ஆண்டு முழுக்க மழையே பெய்யாத இடம்’ என்று நிற்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். எக்ஸ்அரே நூலகத்தில் கூட்டும்போது ‘மின்_கவுண்ட்’ 1 என்று கொடுத்தால் முழுதும் விடுபட்ட கட்டம் நேனாகவே நிற்கும். நம்பையில், எத்தனை நாள் தரவு இருந்தது என்று தனியே எண்ணி, 0 வந்த இடங்களில் கையால் நேன் வைக்க வேண்டும். பத்து நாள் மட்டும் தரவுள்ள கட்டத்தின் கூட்டுத்தொகையை ஆண்டு மழை என்று சொல்லலாமா என்ற கேள்விக்கும் அந்த எண்ணிக்கையே விடை சொல்லும். அதை இன்னொரு பேண்டாகக் கோப்பிலேயே சேர்த்து வைப்பது நல்லது.

அண்டைப் பிக்சலைத் தொடும் கணக்குகள்

மாஸ்க் கசிவது பெரும்பாலும் இங்கேதான். படத்தை வேறொரு வரைபடத் திட்டத்துக்கு மாற்றும் மறுதிட்டமிடலில் இருநேரியல் முறை நான்கு அண்டைப் பிக்சல்களைக் கலக்கிறது. நோடேட்டா அறிவிக்கப்படாமல் −9999 உம் 120 உம் பாதிப் பாதியாகக் கலந்தால் −4939.5. அது −9999 இல்லை. எனவே பின்னால் வைக்கும் எந்தச் சமன் சோதனையும் அதைப் பிடிக்காது. 0 ஐ நோடேட்டாவாக வைத்த படத்தில் இது இன்னும் மோசம்: 0 உம் 16000 உம் கலந்தால் 8000. பார்ப்பதற்கு முற்றிலும் இயல்பான மதிப்பு. காட்சியின் விளிம்பு முழுக்க இப்படி ஒரு பொய்யான நீர்க்கோடு ஓடும். சிறிதாக்கிய ஓவர்வியூக்களைச் சராசரி முறையில் உருவாக்கும்போதும் இதேதான். நோடேட்டாவை அறிவித்த பிறகே அவற்றை உருவாக்க வேண்டும்.

பல பேண்டுகளை ஒன்றாக மறுதிட்டமிடும்போது இன்னொரு விதி குறுக்கிடுகிறது. எல்லா பேண்டும் விடுபட்டால்தான் பிக்சல் விடுபட்டதா, அல்லது பேண்டுக்குப் பேண்டு தனித்தா என்பதை ஜிடாலில் ‘யூனிஃபைட்_எஸ்ஆர்சி_நோடேட்டா’ என்ற அமைப்பு முடிவு செய்கிறது. முதல் விதி இயங்கும்போது, வெப்பநிலை மட்டும் விடுபட்ட பிக்சல் நல்லதாகக் கருதப்பட்டு அதன் 0 கலவைக்குள் போகும். இந்த அமைப்பின் இயல்பு நிலை ஜிடாலின் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. பேண்டுகளை ஒவ்வொன்றாக மறுதிட்டமிட்டால் இந்தக் கேள்வியே எழாது. நேரம் சற்று கூடும், பரவாயில்லை.

காட்சிகளை ஒட்டும் ‘மெர்ஜ்’ இல், முதலில் வந்த படத்தின் ஓட்டைகளை அடுத்த படம் நிரப்புகிறது. அந்த நிரப்பல் பேண்டு வாரியாக நடக்கிறது. ஒரு பிக்சலில் சிவப்பு ஜனவரிப் படத்திலிருந்தும் அகச்சிவப்பு மார்ச் படத்திலிருந்தும் வந்து சேரலாம். அதில் கணக்கிடும் என்டிவிஐ எந்த நாளுக்கும் உரியதில்லை. ஒட்டுவதற்கு முன்பே ‘மற்றும்’ மாஸ்க்கை எல்லா பேண்டிலும் பதித்துவிட்டால், பிக்சல் முழுதாக ஒரே படத்திலிருந்து வரும். எல்லையை வைத்து வெட்டும் ‘மாஸ்க்’ செயலிலும் கவனம் தேவை: கோப்பில் நோடேட்டா இல்லை, நாமும் கொடுக்கவில்லை என்றால் எல்லைக்கு வெளியே 0 எழுதப்படும்.

ஒவ்வொரு பிக்சலையும் சுற்றியுள்ள சாளரத்தின் சராசரிக்கு சைபை நூலகத்தின் ‘யூனிஃபார்ம்_ஃபில்டர்’ பலரும் எடுப்பது. அது ஓடும் கூட்டுத்தொகை முறையில் இயங்குகிறது: புதிய பிக்சலைக் கூட்டி, பழையதைக் கழித்தபடி வரிசையில் நகர்கிறது. ஒரு நேன் உள்ளே வந்துவிட்டால் கூட்டுத்தொகை நேனாகி, வரிசையின் மீதியெல்லாம் நேனாகிவிடும். இதற்கான முறை பழையது, உறுதியானது. விடுபட்ட இடத்தில் மதிப்பை 0 ஆக்கவும். நல்ல இடத்துக்கு எடை 1, விடுபட்டதற்கு 0. பிறகு, வடி என்பது அந்த ஃபில்டர் என்றால்

சராசரி = வடி(மதிப்பு) / வடி(எடை)

மதிப்பில் 0 ஐ நேரடியாக எழுத வேண்டும். எடையால் பெருக்கினால் போதும் என்று நினைக்கக் கூடாது. நேனை 0 ஆல் பெருக்கினாலும் நேன்தான். வடிகட்டிய எடை 0.5 க்குக் கீழே போன இடங்களை, அதாவது சாளரத்தில் பாதிகூடத் தரவில்லாத இடங்களை, மீண்டும் மறைத்துவிடலாம்.

நிரப்பலாமா?

ராஸ்டீரியோவின் ‘ஃபில்நோடேட்டா’ சுற்றியுள்ள பிக்சல்களிலிருந்து தூரத்தின் தலைகீழ் எடையில் ஓட்டையை நிரப்புகிறது. இயல்பாக 100 பிக்சல் தூரம் வரை தேடும். அதற்குத் தரும் மாஸ்க்கில் 0 என்றால் நிரப்ப வேண்டிய இடம். எஸ்ஆர்டிஎம் போன்ற உயரத் தரவில் −32768 என்று குறிக்கப்பட்ட சிறு ஓட்டைகளுக்கு இது பொருந்தும். நிலத்தின் உயரம் பெரும்பாலும் தொடர்ச்சியாகவே மாறுகிறது. பல பேண்டுப் பிரதிபலிப்புக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது. வயலின் வரப்பும் குளத்தின் கரையும் அப்படித் தொடர்ச்சியாக மாறுவதில்லை. பேண்டு வாரியாக நிரப்பினால் பேண்டுகளுக்கிடையே உள்ள உறவும் கலைந்துவிடும். பல தேதிகளின் இடைநிலையை எடுத்து நிரப்புவது ஓரளவு நியாயமானது. எப்படி நிரப்பினாலும், நிரப்பிய இடங்களின் மாஸ்க்கைத் தனியே சேமிக்க வேண்டும்.

எழுதும்போது

மிகப் பரவலான பிழை எழுதும் கட்டத்தில்தான் நடக்கிறது. மூலக் கோப்பின் வகை, அளவு, நோடேட்டா முதலிய அமைப்புகளின் தொகுப்பான ‘ப்ரொஃபைல்’ ஐ நகலெடுத்து, பேண்டு எண்ணிக்கையை 1 என்றும் வகையை ஃப்ளோட்32 என்றும் மாற்றி, என்டிவிஐயை எழுதிவிடுவார்கள். நோடேட்டா 0 அப்படியே கூட வந்திருக்கும். என்டிவிஐயில் 0 ஒரு மெய்யான மதிப்பு. இப்போது சரியாக 0 ஆன பிக்சல்கள் மறைந்துவிடும்; மறைய வேண்டிய நேன் இடங்களுக்கோ அறிவிப்பே இல்லை. ப்ரொஃபைலில் நோடேட்டாவையும் நேன் என்று மாற்ற வேண்டும். இடம் மிச்சப்படுத்த வேண்டுமானால் 10000 ஆல் பெருக்கி, குறியுள்ள 16 பிட்டாக, நோடேட்டா −32768 வைத்து எழுதலாம். நேனை முதலில் −32768 ஆக்கிவிட்டே வகையை மாற்ற வேண்டும். நேனை நேரடியாக முழு எண்ணாக மாற்றினால் என்ன வரும் என்பதற்கு உறுதி கிடையாது. மாஸ்க்ட் அரேயை எழுதும்போதும் ‘ஃபில்ட்’ இல் மதிப்பை நாமே கொடுப்பது நல்லது. நம்பையின் இயல்பு நிரப்பு மதிப்பு முழு எண்ணுக்கு 999999, மிதவைக்கு 1 க்குப் பின் 20 சுழி; இரண்டுமே நமக்குப் பயன்படாதவை.

ட்ரோன் படங்களில் ஜேபெக் சுருக்கம் வழக்கம். அது இழப்புள்ள சுருக்கம் என்பதால் ஓரத்தில் 0 ஆக இருந்தவை 1, 2, 3 என்று மாறி, படத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பாக நிற்கும். அங்கே நோடேட்டா எண்ணை நம்பாமல், கோப்புக்குள்ளேயே தனி மாஸ்க் எழுத வேண்டும்: ‘ஜிடால்_டிஃப்_இன்டர்னல்_மாஸ்க்’ ஐ இயக்கி, ‘ரைட்_மாஸ்க்’ கொண்டு 0, 255 அரேயைக் கொடுக்கலாம்.

நோடேட்டாவை மாற்றிய பிறகும் வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் படம் பழையபடியே வெளிறித் தெரிந்தால், கோப்பின் அருகில் இருக்கும் ஆக்ஸ்.எக்ஸ்எம்எல் துணைக் கோப்பைப் பார்க்க வேண்டும். பழைய குறைந்தபட்சமும் சராசரியும் அதில் தங்கியிருக்கும். அதை நீக்கிவிட்டுப் புள்ளிவிவரத்தை மறுபடி கணக்கிட வேண்டும். பிறகு எழுதிய கோப்பைப் பைத்தானில் புதிதாகத் திறந்து, ரீட்_மாஸ்க்ஸ் தரும் 0 களின் எண்ணிக்கையைப் பேண்டு வாரியாக எடுத்து, தொடக்கத்தில் கையில் இருந்த மாஸ்க்கின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். ஒரு பிக்சல் வித்தியாசம் இருந்தாலும் எழுதிய வரிகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.